நாற்பத்தெட்டுக்கு அப்புறம் நாற்பத்தொன்று

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியர்கள் எழுதியதைப் படிப்பதுதான் என் வேலை. செத்துப்போனவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்கள்தான் கேள்வி கேட்டே கொல்கிறார்கள். "இன்னுமா பிஎச்டி முடியல?" என்று கேட்பவர்களிடம் அசட்டுச் சிரிப்பு சிரித்துப் பழகிய என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பலாமண்டி

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குப் பண்ருட்டியில் பலாமண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டார். "சந்தேகம், மாமா" என்றேன். ராஜா சொன்னார், பாதிரியார் சொன்னார், பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம். அப்போது சிலர், "இருங்கப்பா, நானே பாத்துக்கறேன்" என்று கிளம்பினார்கள். அதற்காக ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. என்ன தைரியம்! அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மாமா ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, விக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். தட்டிப் பாக்காம எவனாவது பலாப்பழம் வாங்குவானா? இதுக்கா ஆறு வருஷம்?"

மேடத்தின் பென்சில்

என் வழிகாட்டி மேடம் சிதம்பரத்தில் இருக்கிறார். அவர் பென்சிலைக் கையில் எடுத்தால் ஒரு பக்கமும் கோடு வாங்காமல் தப்பாது. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவும் காலாவதி. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. ஆறு வருஷமும் அம்போ.

நாலாம் அத்தியாயம் ஒரு பழைய ஆங்கிலக் கட்டுரைப் புத்தகத்தைப் பற்றியது. எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் சந்தேகித்த மனிதர், கடைசியில் அடங்கி, பெரியவர்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். மேடம் அதில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பெரிய அறிஞரின் பேரைச் சொல்லி, அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரு பாத்திருப்பாரு. நீ பாத்தியா?"

குறிஞ்சிப்பாடிக்காரர் பிடித்த பக்கம்

அந்தப் புத்தகம் என்னிடம் ஜெராக்ஸ் தாள்களாகத்தான் இருந்தது. வெளிநாட்டில் படித்த தோழி ஒருத்தி நூலகத்தில் எடுத்து அனுப்பியது. வேறு பிரதி கிடையாது. ஓரமெல்லாம் ஆறு வருஷமாக நான் எழுதிய பென்சில் குறிப்பு. அதை மறுபடி வரிவரியாகப் பார்க்கலாம் என்று சிதம்பரம் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து கிளிப்பைக் கழற்றினேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! காற்று ஒரே தூக்காகத் தூக்கிவிட்டது.

"ஐயோ!" என்று கத்தினேன். டிரைவர் ஓரங்கட்டினார். பஸ்ஸே எழுந்து நின்று பொறுக்கியது. குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் இறங்கி ஓடி, வயல்பக்கம் பறந்த கடைசித் தாளையும் பிடித்துவிட்டார். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆனால் வரிசை போயே போய்விட்டது. பக்க எண்ணை வைத்து அடுக்கலாமென்றால், அந்தக் காலத்து அச்சுக்காரர் நாற்பத்தெட்டுக்கு அப்புறம் மறுபடி நாற்பத்தொன்று போட்டுத் தொலைத்திருந்தார். எட்டு எண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாளைப் பிடித்து வந்தவர் முழங்கால்வரை சேற்றோடு நின்று சமாதானம் சொன்னார்.

"அழுவாத தங்கச்சி. நானூறு வருஷம் தாங்கனது, நாலு நிமிஷக் காத்துல போயிடுமா?"

செல்வி அக்கா

சிதம்பரத்தில் இறங்கியதும் நேரே பைண்டிங் கடைக்குப் போனேன். செல்வி அக்கா அங்கே இருபது வருஷமாகத் தாள் அடுக்கித் தைப்பவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என் தாள்கட்டை வாங்கி மேஜையில் பரப்பினார். தாளின் அடியையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீட்டுக்கட்டு மாதிரி மடமடவென்று அடுக்க ஆரம்பித்தார்.

"எப்படிக்கா?"

"தோ, கீழ ஓரமா ஒத்த வார்த்தை தனியா நிக்குது பாரு. அதே வார்த்தை எந்தத் தாள்ல தலையில இருக்குதோ, அதான் அடுத்த பக்கம்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தாள் வரிசை மாறாமலிருக்க அன்றைய அச்சகங்களில் இப்படிச் செய்தார்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்போடு எழுதியவளே நான்தான்! வேறொருவர் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டேன். என் தாளின் அடியை ஒருநாளும் பார்த்ததில்லை.

அக்கா அடுக்கி முடித்த வரிசை என்னிடம் இருந்த வரிசை இல்லை. புத்தகத்தின் கடைசியில் ஒரே எண் போட்ட அந்த இரண்டு எட்டுப் பக்கக் கட்டுகளும், தோழி ஜெராக்ஸ் எடுத்த நூலகப் பிரதியிலேயே முன்பின்னாக இடம் மாறியிருக்கின்றன; அந்தப் பெரிய அறிஞரும் அதைத்தான் பார்த்திருப்பார். நடுவில் வாக்கியம் ஒட்டாததை, பழைய ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். சரியான வரிசையில், முதலில் தலையாட்டிய மனிதர் கடைசியில்தான் சந்தேகப்படுகிறார். அவர் அடங்கவே இல்லை! கடை வாசலிலேயே சந்தோஷத்தில் அழுதேன். என் அத்தியாயம் தலைகீழாகிவிட்டதே என்ற பயம் அப்புறம்தான் வந்தது. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "நீ இதப் படிச்சியா, இல்ல வச்சிருந்தியா?"

ரெக்சின் அட்டை

ஒன்பது நாளில் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். மேடம் படித்துவிட்டு, ஒரு கோடும் போடாமல் பென்சிலை டப்பாவுக்குள் வைத்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தின நாள் ஆய்வேட்டைக் கொடுத்தோம். பைண்டிங் செல்வி அக்காதான். முதல் பக்கத்தில் தமிழில் அவர் பெயரைப் போட்டு, நாலாம் அத்தியாய நூலின் பக்க வரிசையைக் கண்டறிந்தவர் என்று எழுதியிருந்தேன். அக்கா விரலை வைத்து வாசித்தார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஐந்து பிரதியையும் என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் சரியாத்தான் அடுக்கியிருக்கேன். ஆனா நான் சொன்னேன்னு நம்பாத, ஒவ்வொரு பக்கமா பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

இப்போது என் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது. கரண்ட் பில் வந்தால்கூட நான் முதலில் பார்ப்பது தாளின் அடியைத்தான்.