அப்பாவிடமிருந்து பத்து லெவல்

எங்கள் மாமாவை வேலையைவிட்டு அனுப்பியது நான்தான். ஒன்பது வயதில், கொஞ்சம் தையல் நூலையும் இரண்டு அட்டைகளையும் வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்தேன். கம்பெனியில் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். வீட்டில் கேட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தர்மபுரிப் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருந்தவரை அப்பாதான் ஓசூருக்கு வரவழைத்து, தான் வேலை பார்த்த கம்பெனியிலேயே கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டதைச் சொல்லிக்காட்டாமல் அப்பா ஒரு வேளை சாப்பிட்டதில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்களுடையது லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அப்பா பர்மனென்ட்; நீலச் சட்டை, கம்பெனி பஸ். மாமாவுக்குச் சாம்பல் சட்டை. ஷேர் ஆட்டோ, அது கிடைக்காவிட்டால் நடை. அம்மா கட்டிக்கொடுத்த ஒரே குழம்பை இரண்டு பேரும் ஒரே கேட்டுக்குள் கொண்டுபோய், கேன்டீனில் வேறு வேறு மேஜையில் உட்கார்ந்து தின்றார்கள்.

வியாழக்கிழமைதோறும் மாமாவின் போனில் ஒரு காமிக்ஸ் வரும். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து எனக்குப் படித்துச் சொல்வார். அது இங்கிலீஷில் இருக்கும். மாமா இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் விரலால் படத்தைத் தள்ளிக்கொண்டே அவர் சொல்லும் தமிழில் ஒரு தடங்கல் இருக்காது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கதையில் ஏழு வாசல் கொண்ட ஒரு கோபுரம். கீழே, லெவல் ஒன்றில், மந்திரம் ஒரு சொட்டுகூட இல்லாத ஒரு பையன். வீடியோ கேமில் வருவதுபோல எல்லார் தலைக்கு மேலும் ஒரு நீலக் கட்டம். லெவல் எவ்வளவு, பலம் எவ்வளவு, மந்திரம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். யாரும் யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது, அதனாலேயே எனக்கு அந்த உலகம் பிடித்தது. ஆனால் அங்கே ஒரு விதி உண்டு, தராசு விதி என்றார் மாமா. உலகத்தில் இருக்கிற மந்திரம் மொத்தமே இவ்வளவுதான். கூடாது, குறையாது. ஒருவன் பத்து லெவல் ஏறினால் எங்கேயோ ஒருவன் பத்து இறங்கியாக வேண்டும். மேல்மாடியில் இருக்கிற பெரிய மந்திரவாதிகள் இதைத்தான் சமநிலை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட மாட்டார்களா பின்னே. அந்தப் பையன் தன் பாட்டுக்கு ஏறிப்போனால் இவர்களுக்கு என்ன என்று நான் சண்டைக்குப் போனேன்.

“யாரும் எறங்காம நீ எப்புடி கண்ணு ஏறுவ? எடம் வேணாமா?” என்றார் மாமா.

விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அட்டைக்குப் பஞ்சமில்லை. கம்பெனியில் செய்த சாமானைப் பரிசோதித்துவிட்டு அதில் கட்டித் தொங்கவிடும் சீட்டுகளை அப்பா கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். பச்சை என்றால் நல்ல சரக்கு, மஞ்சள் என்றால் மறுபடி பார்க்க வேண்டியது, சிவப்பு என்றால் கழித்தது. கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. அம்மா அதில் மளிகைச் சாமான் எழுதுவாள், நான் வீட்டுப்பாடம் எழுதிப் பார்ப்பேன். எங்கள் லைனில் நீலச் சட்டை இருந்த எல்லா வீட்டிலும் கையுறை, துடைக்கிற துணி, சீட்டு என்று ஏதாவது கம்பெனிப் பொருள் புழங்கும். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் ஆளை வரைந்து, தலைக்கு மேல் கட்டம் போட்டோம். அப்பா பச்சை, லெவல் நாற்பது. அம்மாவும் பச்சை, பலம் நான்கு, பொறுமை நூறு. சிவப்பெல்லாம் பூதங்கள். மாமா தனக்கு மஞ்சளை எடுத்துக்கொண்டு லெவல் ஒன்று என்று எழுதினார். ஏன் மஞ்சள் என்று கேட்டேன். “நம்மள இன்னும் பாத்துக்கிட்டேதான இருக்காங்க” என்று சிரித்தார்.

அந்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பட்டியலில் மாமா பெயரும் இருந்தது. திங்கட்கிழமை இன்டர்வியூ. தளியில் பூத்தோட்டம் வைத்திருந்த ஒரு வீட்டில் அம்மா தம்பிக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். பர்மனென்ட் ஆனால் தருகிறோம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். மாமா சாம்பல் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

மாமா ஏற வேண்டும் என்றால் யாராவது இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். அம்மாவிடம் எடுக்கலாம் என்றால் அவளிடம் ஒன்றுமே இல்லை. அப்பாவிடம் நாற்பது இருந்தது. பத்து போனால் தெரியவா போகிறது? இதற்குக் காமிக்ஸில் ஒரு முறை இருப்பதாகச் சொல்லியிருந்தார் மாமா. கொடுப்பவன் சீட்டையும் வாங்குபவன் சீட்டையும் முகத்தோடு முகம் வைத்துக் கட்ட வேண்டும். வாங்குபவனுக்குத் தெரியாமல் அது அவனோடு வாசலைத் தாண்ட வேண்டும். அப்பா அட்டையில் நாற்பதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினேன். மாமாவுக்குப் புதிதாக ஒரு பச்சை அட்டை எடுத்து, வரைந்து, லெவல் பதினொன்று போட்டேன். படங்கள் உள்ளே இருக்கும்படி இரண்டையும் சேர்த்து, நூலால் ஏழு சுற்றுச் சுற்றி, மாமாவின் பையில் உள் ஜிப்புக்குள் போட்டு மூடினேன்.

காலையில் இன்டர்வியூ நன்றாகவே போனதாம்.

உள்ளே போகும்போது பையை யாரும் பார்ப்பதில்லை. வெளியே வரும்போது பார்ப்பார்கள், அதுவும் சாம்பல் சட்டைக்காரர்களின் பையை மட்டும். நீலச் சட்டை கட்டுக்கட்டாக வெளியே கொண்டுவரும் சீட்டு, சாம்பல் சட்டையிடம் ஒன்று இருந்தாலும் அதற்குப் பெயர் வேறு என்பது எனக்கு எங்கே தெரியும். அந்த வாரம் பார்த்து, கழித்த சாமான் கொஞ்சம் பச்சைச் சீட்டோடு வெளியூர் போய்த் திரும்பி வந்திருந்தது. கட்டியது யார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் பையைத் திறந்தால் இரண்டு பச்சைச் சீட்டு.

சேர்த்துவிட்டவர் ஆயிற்றே என்று அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அந்த அறை வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் பல வருடம் கழித்து எனக்கு இதைச் சொன்னார். நூலைப் பிரித்து மேஜைமேல் வைத்திருந்தார்களாம். மீசை வைத்த ஒரு ஆள், தலைக்கு மேல் நீலக் கட்டம், பக்கத்தில் என் கோணல் எழுத்தில் ‘அப்பா’. இது எப்படி வெளியே போனது என்று கேட்டார்கள். அப்பா அட்டையை எடுத்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வைத்தார். தனக்குத் தெரியாது என்றார். தப்பு செய்திருந்தால் சொந்தக்காரன் என்று பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். மாமா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சீட்டு யார் கொண்டுவந்தது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவின் நீலச் சட்டையும் கழன்றிருக்கும். அக்கா வீடு தெருவுக்கு வந்திருக்கும். மாமா வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பையைக் கட்டினார். நான் அழுதுகொண்டே போய், பத்து லெவல் கட்டிவிட்டேனே, ஏன் பலிக்கவில்லை என்று கேட்டேன். மடித்த சட்டையையே மறுபடி மடித்தார். “நீ சரியாத்தான் கட்டுன கண்ணு. எனக்குத்தான் ஏறத் தெரியல” என்றார். அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஓசூரில் எந்தக் கான்ட்ராக்டரும் மாமாவைச் சேர்க்கவில்லை. தளிப் பெண் வேறு வீட்டுக்குப் போனாள். மாமா இன்று குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலை ஓரத்துப் பரோட்டாக் கடையில் நிற்கிறார். கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. இறங்கி என்ன சொல்வது?

அந்த ஆயுத பூஜைக்கு அப்பாவை லைன் லீடர் ஆக்கினார்கள். மச்சினன் என்றும் பார்க்காத நேர்மைக்காரர் என்று மேடையில் புகழ்ந்தார்களாம். அவர் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸை அம்மா அப்படியே லைன் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வந்து பாத்திரம் கழுவினாள். நான் கட்டியது தலைகீழாகப் போய்விட்டது, மாமாவின் லெவல் அப்பாவுக்கு ஏறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

கல்லூரிக்குப் போனபிறகு அந்தக் காமிக்ஸைத் தேடிப்பிடித்து முதலிலிருந்து படித்தேன். தராசு விதி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. பையன் பூதங்களை அடிக்கிறான், ஏறுகிறான், மறுபடி அடிக்கிறான், ஏறிக்கொண்டே போகிறான். அவன் ஏறுவதால் யாரும் இறங்குவதில்லை. சீட்டுக் கட்டும் முறையும் இல்லை. எல்லாம் மாமா வாசல்படியில் உட்கார்ந்து சொந்தமாகச் சேர்த்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இல்லாத விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்குத் தானே பலியும் ஆனாரே என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், மாமா வருவதற்கு முன்பே, அப்பா வந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னிடம் அட்டைகளை எல்லாம் கேட்டு வாங்கினார். அலமாரியில் இருந்த சீட்டுக் கட்டுகளையும் அள்ளிக்கொண்டு, பொதுக் குளியலறைக்குப் பின்னால் இருந்த வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். அம்மாவின் அட்டையையும் போட்டார். பொறுமை நூறு எரிந்தது. என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டில் இந்தச் சீட்டு எப்போதுமே இருந்ததில்லை, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர் கை நடுங்கியது.

அப்பா பயந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. லெவல் நாற்பது ஆளே இப்படி நடுங்குகிறார் என்றால் பத்து லெவல் இறங்கியேவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா பர்மனென்ட் ஆகிவிட்டார் என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.