மாதாவுக்கு முதுகு காட்டிய பூக்கள்

எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில், மேற்கு மதிலை ஒட்டி, கிழக்குப் பார்த்த மாதிரி ஒரு மாதா கெபி இருக்கிறது. நான் கட்டியது. மலைக்குகை போலக் கல் அடுக்கி, உள்ளே சுவர் முழுக்க என் சொந்தச் சூளையில் வெந்த நீலப் பீங்கான் பதித்துக் கொடுத்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்த யாரை வேண்டுமானாலும் கூட்டி வந்து காட்டலாம். அந்த நீலத்தை இன்னொருவர் எடுத்துக் காட்டிவிட்டால் நான் தொழிலை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கெபியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது நீலம் இல்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்று சாயங்காலம், கெபிக்கு முன்னால் வரிசையாக நின்ற சூரியகாந்திகள் அத்தனையும் மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றனவே, அதுதான் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம். இந்த ஊருக்கு வந்து அடுத்தவர் பட்டறையில் மண் பிசைந்தேன், அச்சு ஊற்றினேன், சூளைக்கு முன்னால் நின்று வெந்தேன். இன்று என் சூளையில் வெந்த ஃபியூஸ் கேரியர் எந்த ஊர் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இதை நான் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஐயோ, பாவம், அவரு ஒரு வாய் டீ குடிக்க வந்தாரு. பெண்ணாடத்துல புடிச்சு சூளை வரைக்கும் நடத்தியே கொண்ணுடாதீங்க." வந்தவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். என்னை அப்படிப் பேச இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது.

அவள் என்னைவிடப் படித்தவள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு கன்னியாஸ்திரீ சொன்னதாம் அந்தச் சூரியகாந்தி விஷயம். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபமாலை அவள்தான் சொல்வாள். முடிகிற நேரத்தில் தவறாமல் இதுவும் வரும்: "சூரியகாந்திக்குக் கண்ணு கெடையாது, காலு கெடையாது. ஆனாலும் வெளிச்சம் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுது. நம்ம மனசும் அப்படி ஆண்டவரு பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கணும்." எனக்கு முட்டி வலிக்கும். எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் அதைச் சொல்லும்போது அவள் முகமே ஒரு பக்கமாகத் திரும்பும், யாரோ கூப்பிட்ட மாதிரி. அதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அவள் வயிற்றில் கட்டி என்று சொல்லி, பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்த நாளில்தான் நான் கெபி கட்டித் தருவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். காரியம் நடந்த பிறகு செய்வது மற்றவர்கள் வழக்கம். நான் முதலிலேயே செய்து கொடுத்துவிட்டேன். என் வியாபாரமும் அப்படித்தான், சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் காசுப் பேச்சு. முன்னால் சூரியகாந்தி போட்டதும் என் யோசனைதான். கெபி கிழக்குப் பார்க்கிறது. சாயங்காலம் வெயில் மேற்கே போகும். ஜெபமாலைக்குச் சனம் கூடுகிற நேரத்தில் பூவெல்லாம் மேற்கே திரும்பி மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இஞ்சினியருக்குக்கூடத் தோன்றாத யோசனை என்று ஊரே சொன்னது.

மொட்டாக இருந்தவரை அப்படித்தான் நடந்தது. தலைமுடி கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு, கெபி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி எல்லாம் ஒண்ணா தலையத் திருப்புதுங்க." அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மந்திரிப்பு நாள் வந்தபோது பூக்கள் தாம்பாளம் மாதிரி விரிந்திருந்தன. வெயில் மேற்கே இறங்கிவிட்டது. பூக்கள் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடி, கிழக்கே முகம் வைத்து, அசையாமல் நின்றன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தமாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, மாதாவுக்கே முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதுங்களே, இதுங்க என்ன சாதிப் பூவு?" நாலு பேர் சிரித்தார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுப் படியேறும்போது, "திரும்பலீங்க," என்றாள்.

அன்றைக்கு ஜெபமாலையை நான்தான் ஆரம்பித்தேன். மறுநாளும் நான்தான். ஏன் என்று கேட்டேன். "வாய் சொல்லுதுங்க. உள்ள ஒண்ணும் அசைய மாட்டேங்குது. அந்தப் பூவு மாதிரிதான் நிக்கிறேன்." உடம்பு போகிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை ஆண்டவர் பக்கம் திருப்பிவிட்டவள், கடைசியில் திரும்ப முடியாமலே போய்விடுவாளோ என்ற பயம் அன்று பிடித்தது.

ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் நடத்திவிடுகிறவன் நான். மறுநாள் காலையில் பட்டறை ஆட்களைக் கூட்டிப் போனேன். பூவுக்குப் பூ மூங்கில் குச்சி ஊன்றி, சணலால் கட்டி, ஒவ்வொன்றையும் மாதா பக்கம் திருப்பி வைத்தோம். மதியத்துக்குள் பாதிப் பூக்கள் கழுத்து ஒடிந்து தொங்கின. பட்டறைப் பெண்கள் போய் அவளிடம் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "பூவக் கூடவா கட்டிப் போடுவீங்க? நல்ல வேளை, என் கழுத்துல தாலியோட விட்டீங்க," என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமியார் நற்கருணை அப்பத்தோடு நன்மை கொடுக்க வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் கட்டிலில் படுத்தபடியே பூ விஷயத்தைக் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அது இளசா இருக்கிற வரைக்கும்தாம்மா வெயிலோட திரும்பும். பூத்துத் தலை கனத்துட்டா கெழக்கப் பாத்து நின்னுடும். எங்க காட்டுலயும் அப்படித்தான். அது முகத்தத் திருப்பிக்கல. சூரியன் எங்க வரும்னு அதுக்குத் தெரியும், அங்க பாத்துக்கிட்டு நிக்குது." எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, அது சூரியன் வரும்னு பாத்துக்கிட்டு நிக்குதா, இல்ல தல கனத்துப் போயி திரும்ப முடியாம நிக்குதா? ரெண்டுல எது?"

அவர் யோசித்தார். "தெரியலம்மா," என்றார். பொய் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்து நன்மை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. ஜெபமாலையை அவள் கையில் கொடுத்தால் வைத்துக்கொள்வாள். மணி உருளுகிறதா என்று பார்ப்பேன். சில சமயம் உருளுகிற மாதிரி இருக்கும், சில சமயம் கை நடுக்கம் மாதிரி இருக்கும்.

சூளைக் கதவைத் திறக்கும் முன்பே, உள்ளே சரக்கு வெந்ததா வெடித்ததா என்று துவாரம் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பொய்த்ததில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் முகத்தைப் பார்த்து, உள்ளே விசுவாசம் இருந்ததா வெறும் களைப்புதானா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடக்கப் பூசையில் எல்லாரும் அவளைப் புண்ணியவதி என்றார்கள். அவளே கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு அவர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கெபிக்கு முன்னால் இனி குரோட்டன்ஸ் வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் சொன்னார்கள். கெபி யார் கட்டியது என்று கேட்டேன். இந்த வருஷமும் சூரியகாந்திதான் போட்டேன். அவள் நினைவுப் பூசையன்று காலையில் சீக்கிரமே போய்விட்டேன். பூக்கள் பெரிதாக விரிந்து, விதை பிடித்துக் கிழக்கே தலை கவிழ்ந்து நின்றன. கொட்டிய காசுக்குக் கெபியின் முன்னால் நின்று பலமுறை படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதா பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கல்லேறி மாதாவின் காலடியில் நின்று பார்த்தேன். மாதாவும் கிழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தானே வைத்தேன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்றுதான் பார்த்தேன். இறங்கி, பூ வரிசைக்கு நடுவில் ஓர் இடைவெளியில் போய், அவை பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணியடிக்க வந்த கோயில்பிள்ளை நின்று பார்த்தார். "என்னா மொதலாளி, கெபி கட்டுனவரே மாதாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். அன்று வாயில் வந்தது இதுதான்: "தல கனக்குதுய்யா."

அவர் மணியடிக்கப் போய்விட்டார். வெயில் இன்னும் கிழக்கு மதிலுக்கு மேலே ஏறவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.