சொல்லும் நேரத்தை ஆண்டவரிடம் கேட்டேன்

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும் என்று ஜெபிப்பார்கள். நானோ பைபாஸில் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, கழக்கூட்டம் ஸ்டாப் வருகிற வரைக்கும் வாந்தி வராமல் பார்த்துக்கொள்ளும்” என்று ஜெபித்தவள். சிரிக்க வேண்டாம். அந்த ஜெபத்துக்குப் பின்னால் எத்தனை கண்ணீர் இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஷீபா. சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். கணவர் பினு, மாமியார், நான் என்று மூன்று பேராகத் திருவல்லத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சுற்றிலும் மலையாளம் பேசுகிறவர்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தில் தமிழ் ஆராதனை நடக்கும் சபைக்குப் போவோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு முறை கர்ப்பம் தரித்து, இரண்டு முறையும் மூன்று மாதம் நிறையும் முன்பே பிள்ளையை இழந்தேன். இரண்டாவது முறை டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னதால், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில், விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் சூப்பர்வைசராக இருந்த என் கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். காலில் இரண்டு இடத்தில் முறிவு. உயிர் தப்பினதே கர்த்தருடைய கிருபை. ஆனால் எழுந்து நடக்கவே பல மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது, இனி நான்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பழைய சான்றிதழ்களைத் தூசி தட்டி எடுத்து விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். அந்த மாதமே எனக்கு நாள் தள்ளிப்போனது.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “வேலையும் தேடவச்சு, பிள்ளையும் தந்து, ரெண்டையும் ஒண்ணா கொண்டுவந்திருக்காரே! ஆண்டவருக்கு நம்மகிட்ட ரொம்பத்தான் செல்லம்” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

முதல் கம்பெனியில் ஆன்லைனில் நேர்முகம் நன்றாகவே நடந்தது. கடைசியில், “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேட்டார்கள். நான் வெகுளியாக விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “வாழ்த்துகள், பிறகு கூப்பிடுகிறோம்” என்றார்கள். கூப்பிடவே இல்லை. காரணம் அதுதானா, வேறா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ‘வாழ்த்துகள்’ என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அதற்குப் பிறகுதான் அடுத்த வாய்ப்பு வந்தது. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் உள்ள செல்வி அக்காவின் மகள் ஜினி, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறாள். அங்கே டெஸ்டிங் வேலைக்கு ஆள் எடுப்பதாக அக்காதான் சொன்னார். முதல் இரண்டு சுற்றும் தாண்டினேன். ஓணம் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். இந்த முறை எப்போது சொல்வது? ராவும் பகலும் இந்த ஒரே கேள்விதான்.

என் கணவர் கணக்காகப் பேசினார். “ஆஃபர் லெட்டர் கையில வரட்டு. பொறவு சொல்லு. முதல்லயே சொல்லணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது புள்ள.” அதில் ஒரு தப்பும் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, சேர்ந்த பிறகு சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி மாறும் என்று தோன்றும். மாமியாரோ ஒரே பிடியாக நின்றார். “மூணு மாசம் நெறையாம ஆருட்டயும் சொல்லாண்டாம் மக்ளே. கண்ணு, திருஷ்டி, அதுலயெல்லாம் நமக்கு விசுவாசம் கெடையாது. இருந்தாலும் சொல்லாண்டாம்.”

நான் ஆண்டவரிடம் கேட்டது இவ்வளவுதான்: “கர்த்தாவே, இந்த வேலையும் வேணும், இந்தப் பிள்ளையும் வேணும். எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நேரத்தை நீரே காட்டும்.” சமையல் செய்யும்போதும், கணவருக்குக் கால் கழுவிவிடும்போதும், இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஐடா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அன்பென்றால் அப்படி ஓர் அன்பு. என் கணவர் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு முதலில் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் ஜெபிக்கும்போது ஆண்டவருக்கு வீட்டு நம்பர், பஸ் நிறுத்தம் எல்லாம் சொல்லித்தான் ஜெபிப்பார். ஓணத்துக்கு முன் அவர் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், பழம்பொரி பொரிக்கும் எண்ணெய் வாசம் வந்ததுதான் தாமதம், நான் குளியலறைக்கு ஓடினேன். பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக்கொடுத்தவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவரிடம் மட்டும் வேலை விஷயம், பயம், எல்லாம் சொன்னேன். “ஈ, காக்கா அறியாது மக்ளே. நான் ஜெபிக்கேன்” என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார்.

அவர் ஜெபித்தார். அதில் குறையே இல்லை.

எங்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. சனிக்கிழமை உபவாச நாள். வீட்டிலிருந்தே ஒவ்வொருவராக வாய்ஸ் மெசேஜில் ஜெபிப்போம். அந்தச் சனிக்கிழமை ஐடா அக்காவின் முறை. கீரை ஆய்ந்துகொண்டே போனை இயக்கிவிட்டேன். உலக சமாதானம், நாட்டுத் தலைவர்கள், போதகர், கிணற்று மோட்டார் எல்லாம் முடிந்து, கடைசியில் என் பெயர் வந்தது.

“ஆண்டவரே, திருவல்லத்தில் இருக்கிற உம்முடைய பிள்ளை ஷீபாவை நினைத்தருளும். திங்கட்கிழமை கழக்கூட்டத்தில் அவளுக்கு இன்டர்வியூ இருக்கிறதே! அவள் வயிற்றில் இருக்கிற கனியைக் காத்துக்கொள்ளும். கம்பெனிக்காரங்க அதை அறிஞ்சு வேலை தராம இருந்திராதபடிக்கு அவங்க கண்ணைக் கட்டிப்போடும் ஆண்டவரே!”

கீரை கையிலேயே நின்றுவிட்டது. கீழே பார்த்தால் வரிசையாக ‘ஆமென்’, ‘ஆமென்’, கும்பிடும் கைகள். அந்த வரிசையில் செல்வி அக்காவின் ‘ஆமென்’ முதலாவதாக இருந்தது. எச்.ஆரில் வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா!

உடனே ஐடா அக்காவைக் கூப்பிட்டேன். “என்ன அக்கா இது? ஈ, காக்கா அறியாதுன்னு சொன்னீங்களே!”

“நான் ஆருட்டயும் சொல்லல்லியே மக்ளே. ஆண்டவர்ட்ட அல்லவா சொன்னேன்!”

“குரூப்பில அல்லவா அக்கா சொல்லியிருக்கீங்க!”

“ஐயோ என் கர்த்தாவே! நில்லு, இப்பமே அழிக்கேன்” என்றவர், கொஞ்சம் கழித்து, “போச்சு பாரு, இப்பம் இல்ல” என்றார். அவர் போனில் போய்விட்டது. மற்ற எல்லார் போனிலும் அப்படியே இருந்தது. தன் போனில் மட்டும் அழித்துவிட்டார். இனி மற்றவர்கள் போனிலிருந்து அழிக்க வழியும் இல்லை. பாவம், அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவது என் வேலையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியாரை மட்டும் அனுப்பிவிட்டு, கணவரின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். மனசு நொந்துபோயிருந்தது. இந்த வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். அவர் என் தலையைக் கோதிக்கொண்டே கேட்டார்: “நீ ஆண்டவர்ட்ட என்னத்தக் கேட்ட?”

“எப்பம் சொல்லணும்னு காட்டும்னு கேட்டேன்.”

“அப்பம் காட்டிட்டாருல்லா? ஐடா அக்கா தொண்டையில காட்டியிருக்காரு, அவ்வளவுதான். அவிய வாயால கம்பெனி அறியதுக்கு முந்தி, நீ உன் வாயால சொல்லு. வேலை போனா போட்டு. நீ பயந்து பயந்து சாகாண்டாம்.”

அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லாமல் இருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ! காலை ஊன்ற முடியாத மனுஷன், அடுத்த மாதம் எப்படி ஓடும் என்று தெரியாத மனுஷன், வேலை போனால் போகட்டும் என்று எனக்காகச் சொன்னார். அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். பிறகு இருவரும் ஜெபித்தோம். அதற்குப் பின் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆண்டவர் அந்தச் சின்ன ஜெபத்தையும் கேட்டார். அலுவலக வரவேற்பறையில் ஓணத்துக்குப் போட்ட அத்தப்பூக்கோலம் வாடிக் கிடந்தது. அந்த வாசம் குமட்டினது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் லேகா மேடம் மலையாளி. கண்ணாடியைத் தாழ்த்திப் பார்க்கும் பார்வையே பயமாக இருந்தது. அவர் முதல் கேள்வியைத் தொடங்கும் முன்பே மலையாளத்தில் சொல்லிவிட்டேன். “மேடம், நான் கர்ப்பமாக இருக்கிறேன். மார்ச்சில் பிரசவம். இப்போதே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெரியும். ஆனால் உங்களோடு வேலை செய்யப் போகிறேன் என்றால், மறைத்துக்கொண்டு செய்ய என்னால் முடியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “வல்லதும் கழிச்சோ?” ஏதாவது சாப்பிட்டாயா என்று! இல்லை என்று தலையசைத்தேன். ஒரு பையிலிருந்து உப்பு பிஸ்கட் எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, “மெதுவாகச் சாப்பிடு, அப்புறம் ஆரம்பிக்கலாம்” என்றார். என் அம்மா அந்த இடத்தில் இருந்ததுபோலத் தோன்றிற்று. ஆனால் ஒன்று, கேள்விகளில் ஒரு சலுகையும் இல்லை. பிழிந்து எடுத்துவிட்டார். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்றே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு நாளும் போனைப் பார்ப்பேன். ‘பிஸ்கட் கொடுத்தவர்கள் வேலை கொடுக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?’ என்று மனசு சொல்லும். மாமியார் மட்டும் அசையவில்லை. “தருவார்” என்று ஒரே வார்த்தை. மேனேஜரையா, ஆண்டவரையா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மீன் கையோடு நான் தவிக்க, மாமியார் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். ஜினிதான் பேசினாள். நான் கேட்ட வேலை கிடைக்கவில்லை. அந்தக் குழுவுக்கு மார்ச் மாதம்தான் முக்கியமான நேரமாம். ஆனால் லேகா மேடமே இன்னொரு குழுவில் பேசி, அங்கே எனக்கு இடம் வாங்கியிருக்கிறார். பிரசவ விடுப்பும் முறைப்படி உண்டு. “எப்போ சேரலாம் அக்கா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டு, “நாளைக்கே வருவா மக்ளே” என்றார்.

போனை மறுபடி என் காதில் வைக்கச் சொல்லி, கடைசியில் ஜினியிடம் கேட்டே விட்டேன். “அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லியே அக்கா. நீங்க மேடம்ட்ட சொன்ன பொறவுதான் எனக்கே தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்காவைக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். “ஐடா அக்கா மெசேஜ முழுசா ஆரு மக்ளே கேக்கது? அது அரை மணிக்கூறு போகும். நாங்க ஆமென் போட்டுட்டுச் சோறு வைக்கப் போவோம்.”

அப்படியென்றால் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை! கம்பெனிக்கும் தெரியாது, குரூப்பிலும் யாருக்கும் தெரியாது. சபை வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கேட்காமலே சொன்ன அத்தனை ஆமென்களையும் ஆண்டவர் கேட்டிருக்கிறார் என்று நினைத்தபோது, அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. நேரத்தைக் காட்டும் என்று நான் கேட்டேன். எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் காட்டினார்.

பங்குனி மாதம் எங்கள் மகள் அபிஷா பிறந்தாள். என் கணவர் கம்பு இல்லாமல் நடந்து வந்து அவளைக் கையில் வாங்கினார். இப்போது அவரும் வேலைக்குப் போகிறார். விடுப்பு முடிந்து நானும் போகிறேன்.

முதல் இரண்டு முறையும் வீட்டுக்கு வெளியே நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இழந்தபோதும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆராதனையில் எல்லாரோடும் நின்று பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொள் என்று சொல்லி முதுகைத் தடவ சபையில் ஒரு கை இல்லை. இந்த முறை வேலையில் சேர்ந்த மறு ஞாயிறே சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, மூன்று மாதம் நிறையும் முன்பே, நானே சொன்னேன். மாமியார் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எல்லாரையும்விட உரக்க ஸ்தோத்திரம் சொன்னதும் அவர்தான்.

இதை வாசிக்கிற சகோதரியே, நீ எந்த நாளில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எல்லா மேனேஜரும் பிஸ்கட் தரமாட்டார்கள்; எனக்கே முதல் கம்பெனி கூப்பிடவில்லை. முதலில் சொன்னாலும், கடிதம் வந்த பிறகு சொன்னாலும், அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள காரியம். அவரிடம் கேள். நிச்சயம் காட்டுவார். ஆனால் தயவுசெய்து அந்தப் பயத்தை நீ ஒருத்தியாகச் சுமக்காதே. நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல். பிள்ளை தங்கினால் சேர்ந்து சிரிக்கவும், தங்காவிட்டால் சேர்ந்து அழவும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.