புதுத் தண்ணி வந்தாச்சு

என் சம்பந்தியை ஒரு வாரம் ஊர்க்கண்ணில் குடிகாரனாக்கியவன் நான். அந்த வாரம் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் என் முட்டி வலியில் ஆரம்பித்தது. பாசிர் கூடாங் துறைமுகப் பட்டணத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்த வேதியியல் வீணாகக் கூடாது என்று சும்மா இருக்கும் நேரத்தில் இணையத்தில் மேய்வேன். அப்படித்தான் இந்தப் பெப்டைட் தூள் கண்ணில் பட்டது. மூட்டு, தசை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று எழுதியிருந்தார்கள். சம்பந்திக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தலைக்கு மேல் எழும்பாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, இரண்டு ரோடு தள்ளி வீடு. என் ஒரே மகள் அவருடைய மகனைத்தான் கட்டியிருக்கிறாள், அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

தூள் வந்த டப்பாவில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சம்பந்தி கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.

"அலமாக், அப்போ நான் எலியா சம்பந்தி?"

"நீங்க எலி, நான் டாக்டர் லா."

"டாக்டருக்கும் முட்டி நொண்டுதே."

அந்தத் தூளை அப்படியே ஊசியில் ஏற்ற முடியாது, தண்ணீரில் கரைக்க வேண்டும். அதுவும் குழாய்த் தண்ணீரோ கொதிக்க வைத்த தண்ணீரோ ஆகாது. 'பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. கிருமி நீக்கிய தண்ணீர்தான், ஆனால் அதில் துளியளவு பென்சைல் ஆல்கஹால் கலந்திருப்பார்கள். அது உள்ளே கிருமி பெருகாமல் தடுப்பதால் ஒரே புட்டியைப் பலமுறை குத்தி எடுக்கலாம். தண்ணீரிலேயே ஆல்கஹால் இருக்கிறது என்று நான் விளக்கியபோது சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணியிலயே தண்ணியா!" அன்றிலிருந்து எங்களுக்குள் அதன் பெயர் 'தண்ணி'. ஊசி போடுவது 'தண்ணி போடுவது'. இரண்டு கிழவர்களுக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை தேவைப்படவில்லை.

மருந்துக்கடையில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எதுக்கு அங்கிள்?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆர்க்கிட் செடிக்கு."

"ஆர்க்கிட்டுக்கு ஊசியா போடுவீங்க?"

அவளிடம் இருந்தது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் சாதாரண ஊசித் தண்ணீர். உடைத்தால் அப்போதே பயன்படுத்தி மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே இணையத்தில் வாங்கினேன். முதலில் வந்த புட்டியில் தயாரிப்பு எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, 'வாட்டர்' என்ற சொல்லிலேயே ஒரு எழுத்து குறைந்திருந்தது. குப்பைக்குப் போயிற்று. அடுத்து வேறு கடையில் வாங்கியது மூடி முத்திரை கலையாமல், எண்ணும் தேதியும் ஒழுங்காக வந்தது.

எல்லாம் என் வீட்டில்தான் இருந்தது. மனைவி இறந்துபோன பிறகு நான் தனியாள், கேட்க யாருமில்லை. கரைத்த மருந்து ஐஸ்பெட்டியில், ஊறுகாய்க்குப் பின்னால். தண்ணீர்ப் புட்டிக்குக் குளிர் தேவையில்லை, வெயில் படாத அலமாரி போதும். முதலில் குத்திய தேதியைப் புட்டியில் ஒட்டி எழுதிவைப்பேன். நான்கு வாரம் ஆனால் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுவேன். அதைப் பார்த்தாலே சம்பந்திக்கு வயிறு எரியும். "பாதிக்கு மேல இருக்கே, பாவம் பண்றீங்க சம்பந்தி."

சாயந்திரம் மோட்டார் சைக்கிளில் வருவார். கை கழுவி, ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, தண்ணீரை எடுத்துத் தூள் புட்டியின் உள்சுவர் வழியாக மெதுவாக இறக்குவேன். குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் கரைந்துவிடும். ஆளுக்கொரு புது ஊசி, வயிற்றுத் தோலுக்கடியில். கப்பல் பெட்டிகளை அந்தரத்தில் தூக்கி வைத்த மனிதர், அந்த முடியளவு ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். என் மகள் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தாதி, தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறாள். முன்பு நான் இணையத்தில் காந்த முட்டிப்பட்டை வாங்கியதற்கே, "அப்பா, உங்களுக்குப் படிப்பு இருக்கா இல்லையா?" என்று கேட்டவள். இது தெரிந்தால் வீட்டையே சோதனை போட்டிருப்பாள். "செத்தாலும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன். "சரி, சொல்லல" என்றார்.

பழைய புட்டியைக் கொட்டிவிட்டுப் புதியதற்குக் காத்திருந்தோம். பார்சல் வந்த அன்று மகிழ்ச்சியில் அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன்: "சம்பந்தி, புதுத் தண்ணி வந்தாச்சு. ஒரிஜினல் சரக்கு. சாயந்திரம் வாங்க, போட்டுடலாம்."

கிரேன் சத்தத்தில் காது மந்தமானவர் அவர். எதையும் முழுச் சத்தத்தில்தான் கேட்பார். சம்பந்தியம்மா அடுப்படியில் இருந்தார்.

இதில் சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. சம்பந்தி ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர். மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது விட்டார், பிறகு தொடவே இல்லை. நானோ அவ்வப்போது ஒரு பீர் குடிப்பவன் என்பது தாமானுக்கே தெரியும். அந்த அம்மா அன்று சாயந்திரம் காத்திருந்து, அவர் திரும்பியதும் சட்டையை முகர்ந்தார். ஸ்பிரிட் வாடை. குடிக்கவில்லை என்றார் இவர். அப்படியென்றால் என்ன அது என்று கேட்டதற்கு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாள் காலை சம்பந்தியம்மா லாயாங் லாயாங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பா, மாமா திரும்பக் குடிக்கிறாராம். அத்தை கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. சாயந்திரம் உங்க வீட்டுக்குத்தானே வர்றாரு? உங்களுக்குத் தெரியாதா?"

நான் சொன்னது இதுதான்: "வயசான மனுஷன், விடும்மா."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னதோ, ஆமாம் என்று சொன்னதற்குச் சமம். பேசும்போதே அது எனக்குத் தெரிந்தது.

சம்பந்தி போனில் கூப்பிட்டார், குரலைத் தாழ்த்தி. "நான் வாயத் திறக்கல சம்பந்தி. கவலைப்படாதீங்க." எனக்கு ஆறுதல் சொன்னார் அவர்! அதன்பிறகும் பல நாள் போகவிட்டேன். இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று வீட்டுக்குள்ளேயே நொண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு காலை புட்டி, தூள், ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, காரை எடுத்துக்கொண்டு லாயாங் லாயாங்குக்குப் போனேன். சம்பந்தியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பிச் சொல்லி முடித்தேன். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுதான் தண்ணியா?"

"இதுதாம்மா."

"இத சொல்ல எதுக்குண்ணே இத்தன நாளு?"

"மகளுக்குப் பயந்து."

"பெத்த பொண்ணுக்குப் பயந்து எம் புருஷனக் குடிகாரனாக்கிட்டீங்க."

அவர் என் மகளுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, என் முன்னால் வைத்தார். "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க." சொன்னேன். மறுமுனையில் தாதியின் குரலில் ஒரு கேள்வி: "ரெண்டு பேருக்கும் ஒரே ஊசியா?" தனித்தனிதான் என்றேன். "அது மட்டுமாவது செஞ்சீங்களே" என்று வைத்துவிட்டாள்.

சம்பந்தியம்மா என் காரிலேயே திரும்பினார், பின்னிருக்கையில். சிம்பாங் ரெங்கம் தாண்டிய பிறகு திடீரென்று கேட்டார்: "அவருக்குத் தோளு கொஞ்சமாவது தேவலையா?"

"தெரியலம்மா. நல்லா இருக்குங்கிறாரு. என் முட்டியும் நல்லா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"இப்போ?"

"நொண்டுது."

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. உடனே அடக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் சம்பந்தி நின்றிருந்தார். மாப்பிள்ளையும் இருந்தார். மகள் போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். காரை விட்டு இறங்கி, எல்லோர் முன்னாலும், "என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றேன்.

"விடுங்க லா. இனிமே போன்ல மருந்துன்னு சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை உள்ளே போய் மோட்டார் சாவியைக் கொண்டுவந்து தகப்பனிடம் நீட்டினார். தகப்பன் குடிக்கப் போகக் கூடாதென்று அந்த வாரம் அதை எடுத்து ஒளித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்பந்தி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம், "உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. மாப்பிள்ளை மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.