சிவப்புக் கூட்டல் போட்ட பெட்டி

அந்த விளையாட்டில் நான் முதலில் மெடிக்கை எடுத்ததற்குக் காரணம், படத்தில் இருந்த பெட்டியின் மேல் போட்டிருந்த சிவப்புக் கூட்டல் குறிதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிப் பலகையிலும் அதே குறி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். போனில் வரும் இங்கிலீசு எழுத்தைக் கூட்டி வாசிப்பதற்குள் திரை மாறிவிடும். படத்தைப் பார்த்துத்தான் எதையும் தொடுவேன்.

விளையாட்டு இதுதான். செத்தவர்கள் எழுந்து திரிகிற ஒரு காடு. நான்கு பேர் ஒரு குழு. விறகும் தண்ணீரும் டின்னில் அடைத்த சாப்பாடும் தேடிக் குடிசைக்குக் கொண்டுவந்து உயிரோடு இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வேலை, ஒரே வேலையை இரண்டு பேர்கூட எடுக்கலாம். ஹண்டர் துப்பாக்கியோடு வெளியே போவார். பில்டர் வேலி கட்டுவார். ஸ்கவுட் மரத்தில் ஏறி நின்று எந்தப் பக்கம் என்ன வருகிறது என்று சொல்வார். மெடிக் விழுந்தவர்களுக்கு மருந்து போடுவார். எடுத்த வேலையை அந்த சீசன் முடியும்வரை மாற்ற முடியாது. நாலு பேரும் விழுந்துவிட்டால் சீசனே முடிந்தது.

என்னைத் தவிர மற்ற மூன்று பேரும் கொழும்பில் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இரும்புக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் ஓப்பநாயக்கவில் பஸ்ஸை விட்டு இறங்குவார். இன்னொருவன் ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்துப் பையன், வாய் நீளம், என்னை அண்ணி என்பான். மூன்றாமவன் கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பையன், பேச்சுக் குறைவு.

வார நாளில் எங்கள் பேச்சு இரண்டு நிமிடம்.

“சாப்பிட்டியா புள்ள?”

“சாப்பிட்டேங்க. நீங்க?”

“ம்.”

அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை, பேச வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர் குரல் என் காதிலேயே இருக்கும். விறகு பொறுக்கும்போது விசிலடிப்பார். கல்யாணமாகி நாலு வருசத்துக்குப் பிறகு அந்தக் காட்டில்தான் அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. கடையில் கம்பி விழுந்து கால் நசுங்கப் பார்த்ததைக்கூட, எதையோ சுட்டுக்கொண்டே சொன்னார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் இல்லை. மேல் ரோட்டில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், ஞாயிறு என்பதால் சும்மா கிடக்கும் தராசுப் பலகையில் உட்கார்ந்து விளையாடுவேன்.

முதல் சீசனின் மூன்றாவது ஞாயிறு அவர் காட்டுக்குள் விழுந்தார்.

“அண்ணி, எங்க இருக்கீங்க? அண்ணன் விழுந்துட்டாரு!” என்று ருவான்வெல்லைப் பையன் கத்தினான்.

“குடிசையிலதான் தம்பி. தூக்கிட்டு வாங்க, மருந்தெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.”

“யாரு தூக்குறது? மெடிக்தான் ஓடி வரணும்!”

“அக்கே, துவன்ன! துவன்ன!” என்று சிங்களப் பையனும் என்னை ஓடச் சொன்னான்.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தோட்டத்தில் காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பளியில் வைத்தோ கொழுந்து லாரியில் ஏற்றியோ டிஸ்பென்சரிக்குத்தான் கொண்டுபோவோம். டாக்டர் ஐயா மேசைக்குப் பின்னால் இருப்பார். அவர் மலைக்கு ஓடி வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. மருந்து கொடுக்கிறவர் இருக்கிற இடத்தில் இருப்பார், நோயாளி வந்து சேர வேண்டும். அதனால்தான் நாலு வேலையிலும் இதுதான் பயமில்லாதது என்று எடுத்தேன்.

இது பாதி உண்மை. மீதி உண்மை, விசயம் புரிந்த பிறகும் நான் வேலியைத் தாண்டவில்லை. மூன்று பேரும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் அந்தப் பிணங்கள் குடிசைக்குள் வந்தபோது, மலையில் குளவி வந்தால் செய்வதுபோல் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

“அண்ணி, அது குளவி இல்ல, பொணம்! படுத்தா விட்டுட்டுப் போகாது” என்று அந்தப் பையன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, நான் லைனில் இருப்பதை மறந்து அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

“கடைக்குப் புதுசா வந்திருக்கானே, நல்லா விளையாடுவான்ணே. அண்ணி ஒரு சீசன் சும்மா பாத்துக்கிட்டு இருக்கட்டுமே.”

“ஒரு தடவ குடுத்துப் பாப்போம்டா. ஸ்கவுட் எடுக்கட்டும். மரத்துல ஏறி நின்னாப் போதும்.”

“இந்தத் தடவையும் சொதப்பினா?”

பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார்: “அப்ப புதுசா வந்தவன் விளையாடட்டும்.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஞாயிறு போனால் என்ன மிஞ்சும்? இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகும், ஒரு நிமிடம் மெசேஜ் ஆகும். அவர் அந்தக் காட்டில் விசிலடிப்பதை எவனோ ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான். எந்த வேலை நல்லது என்று அவர்கள் வீடியோ பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு, எதில் திட்டு குறைவோ அதுதான் நல்ல வேலை. ஸ்கவுட் என்றே முடிவு செய்தேன். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், நான்தான் அவர்களைக் கூப்பிடுவேன்.

புதன்கிழமை ஆறாம் நம்பர் மலையில் மரத்துக் குளவிக்கூடு கலைந்தது.

முதலில் ஒரு சத்தம், தூரத்தில் லாரி ஏறி வருவதுபோல. “கலைஞ்சிருச்சு! படுங்க, படுங்க!” என்று கங்காணி கத்தியது காதில் விழும்போதே, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு செடிக்கு அடியில் குப்புறக் கிடந்தேன். மூக்குக்குள் மண். படங்கின் மேல், என் காதுக்கு நேரே, ஒரு குளவி நடந்தது. அதன் காலை எண்ணிவிடலாம் போல இருந்தது.

பக்கத்து நிரையில் பறிக்கிற அக்காவுக்குப் படங்கு அவிழவில்லை. இரட்டை முடிச்சு. அவள் ஓடினாள், விழுந்தாள்.

“புள்ள... ஏ புள்ள...”

என்னைத்தான். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. எங்களுக்கு நடுவில் எட்டுச் செடி இருக்கும். ஐந்து தடவை கூப்பிட்டாள். நான் எண்ணினேன், எண்ணினேனே தவிர எழும்பவில்லை. எழும்பக் கூடாது என்பதுதான் வழக்கம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாவது தடவை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்போது வந்த பயம், குளவியால் வந்த பயத்தைவிடப் பெரியது.

கங்காணி புகை போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்தோம். அவளைச் சாக்கில் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றினோம். டிஸ்பென்சரி, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி. சனிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். முகம் பூசணி மாதிரி இருந்தது, ஒரு கண் திறக்கவில்லை.

“மன்னிச்சிருக்கா” என்றேன்.

“போடி லூசு. நீ எந்திரிச்சிருந்தா ரெண்டு பேரையும்ல தூக்கியிருக்கணும்? லாரியில எடம் ஏது?” என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு வலித்தது போல, நிறுத்திக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “யாராச்சும் வர்ற சத்தம் கேக்குதான்னு காதத் தெறந்து வச்சிக்கிட்டே கெடந்தேன். அதான்.”

குறையாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று சொல்வதுபோல் சொன்னாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு மடுவத்தில் உட்கார்ந்தேன். நாலு படமும் வரிசையாக வந்தன.

“அந்தத் தூரம் பாக்குற ரெண்டு குழல் படம் புள்ள. அத அமுத்து” என்றார் என் வீட்டுக்காரர்.

விரலை ஸ்கவுட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அமுத்தியது சிவப்புக் கூட்டலை.

“அண்ணி, கை தவறிருச்சா?”

“இல்ல தம்பி.”

“ஐயோ, போச்சு!”

“ஏன் புள்ள?” என்று அவர் கேட்டார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது மாதிரிப் பட்டது. அக்காவைப் பற்றி இவர்கள் மூன்று பேருக்கும் நடுவில் நான் எப்படிச் சொல்வது?

“ஸ்கவுட்டுன்னா மரம் ஏறணும்லங்க. எனக்குத் தல சுத்தும்.”

சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் வேலையை முன்பே எடுத்துவிட்டதால், மரம் ஏற ஆளில்லாமலே அந்த சீசன் தொடங்கியது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்தது ருவான்வெல்லைப் பையன். எப்போதும் கிண்டலாக வரும் குரல் சின்னதாகிவிட்டது.

“அண்ணி... அண்ணி...”

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் வேலியைத் தாண்டியிருந்தேன். தைரியத்தால் இல்லை. அந்த எண்ணிக்கை ஏறுவதைக் கேட்க என்னால் முடியவில்லை. கட்டை விரல் வியர்த்துத் திரையில் வழுக்கியது. பாவாடையில் துடைத்தேன். ஓடையில் இறங்கும்போது மடுவத்துப் பலகையில் இருந்த என் காலும் குளிர்ந்தது, நம்பினால் நம்புங்கள். அவன் பக்கத்தில் குனிந்து மருந்துப் படத்தை அமுத்திப் பிடித்தேன். ஒரு வட்டம் நிரம்பும்வரை விரலை எடுக்கக் கூடாது, நகரக் கூடாது. வட்டம் நகத்தளவு நகத்தளவாக நிரம்பியது. பின்னால் இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

“பின்னால வருது! விட்டுட்டு ஓடு புள்ள!” என்று அவர் கத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். விரலை எடுக்கவில்லை. முதுகில் ஒரு அடி விழுந்து போன் அதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு முன்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் பையன் எழுந்து நின்று சுட்டுக்கொண்டிருந்தான்.

குடிசைக்கு ஓடி வந்து சேர்ந்தோம். ஐந்து மணிக்குப் போனை வைக்கும்போது அவன் சொன்னான்:

“அண்ணி, அடுத்த ஞாயிறு ரெண்டு மணி. லேட்டாக்காதீங்க.”

புதியவனைப் பற்றிய பேச்சு எழவில்லை. அவர் மட்டும் லைனில் இருந்தார். மெல்ல விசிலடித்தார்.

சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் பலகையை விட்டு இறங்கும்போது வேறொன்று தோன்றியது. இனி கூப்பிட்டால் வருவாள் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது விழுவார்கள்.

அக்கா இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். அதே பக்கத்து நிரை. முந்தாமல் பிந்தாமல் அவளோடேயே பறிக்கிறேன்.

“என்ன, ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டு ஊர்கோலம் போறீங்களோ?” என்று கங்காணி கேட்கிறார். சிரித்துச் சமாளிக்கிறோம்.

போனில் ஓடியது போனில்தான். நாளைக்கு மலையில் அவள் கூப்பிட்டால் எழும்புவேனா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. குளவிக்கூடு தொங்கும் மரத்தைப் பார்க்கிறேன், அவள் இடுப்பைப் பார்க்கிறேன், மறுபடி மரத்தைப் பார்க்கிறேன். காலையில் மலையில் இறங்குவதற்கு முன் அவள் படங்கை நான்தான் கட்டிவிடுகிறேன். ஒற்றை முடிச்சு. இழுத்தால் அவிழ்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.