தண்ணீர் கொடுக்காத வார்ட்டு

தாதித் தொழில் கொடுக்கிற தொழில் என்று ஊர் நினைக்கிறது. நான் பாதிக் காலம் மறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று தண்ணீரை ஒளித்து வைத்தவர்களுக்கு இது புரியும். யுத்த காலத்தில் நான் வேலை செய்த சத்திரசிகிச்சை வார்ட்டின் ஜன்னலைத் திறந்தால் மட்டக்களப்பு வாவிதான். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். உள்ளே வறண்ட நாக்குகள்.

சோற்று உருண்டை

சாமித்தம்பி கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி. மத்தியானச் சாப்பாட்டில் கொடுவா மீன் முள் தொண்டையில் குத்திவிட்டது. நம் வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம், சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்குவது. நானும் விழுங்கியிருக்கிறேன், நீங்களும் விழுங்கியிருப்பீர்கள். பெரும்பாலும் முள் போய்விடும். இவருடைய முள் கீழே போகாமல் பக்கவாட்டில் போய் உணவுக்குழாயைக் கிழித்துவிட்டது.

அன்று படகுத் துறையில் இராணுவச் சோதனை, படகு ஓடவில்லை. மறுநாள் காலையில்தான் வாவியைக் கடந்து வந்தார்கள். கழுத்தைத் தொட்டேன். தோலுக்கடியில் காற்று புகுந்து, காய்ந்த உமியை மிதித்தாற்போல் நொறுநொறுத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன்பு கிரானிலிருந்து ஒரு பெண் இதே சத்தத்தோடு வந்தாள். வீதி மூடிக்கிடந்ததால் மூன்றாம் நாள் வந்தாள். வழியில் யாரோ இரக்கப்பட்டு இளநீரும் பருக்கியிருந்தார்கள்; அது கிழிசல் வழியே நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அவளை நாங்கள் உயிரோடு வீட்டுக்கு அனுப்பவில்லை.

"வாயால் என்ன கொடுத்தீங்க?" என்று சாமித்தம்பியின் மனைவி பூமணியிடம் கேட்டேன். "ஆறு உருண்டை குடுத்தன் மிஸ்ஸி. ஏழாவதுக்கு மனிசன் வாயத் திறக்கல்ல."

கனவில் வந்த வாவி

கொழும்புக்கு அனுப்ப வழியில்லை. எங்கள் டொக்டரே நெஞ்சைத் திறந்து, சீழைக் கழுவி, கிழிசலைத் தைத்தார். அழுக்கு வெளியே வர நெஞ்சில் ஒரு குழாய், பாலும் கஞ்சித் தண்ணியும் உள்ளே போக வயிற்றில் ஒரு குழாய். தையல் ஆறும்வரை வாய்க்கு ஒரு சொட்டும் இல்லை. கசிந்தால் மறுபடி வெட்ட வேண்டும். மறுபடி வெட்டத் தாங்கும் உடம்பல்ல அது.

நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றிவிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கனவுகளைச் சொல்வார். ஒருநாள் வயல் வட்டையில் நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் முழுவதும் அவர் வாய்க்குள் பாய்ந்ததாம். ஒருநாள் மழை, கூரையில்லாத வீடு, அண்ணாந்து கிடந்தாராம். நெஞ்சுக் குழாயின் போத்தலில் குமிழிகள் எழுந்து உடையும்; எனக்கும் கண் சொருகும். தூரத்து வெடிச்சத்தம்கூட அந்த நேரம் மழை முழக்கம் போலிருக்கும். பிறகு ஒரு காலையில், "படகில போறன். குனிஞ்சு குனிஞ்சு குடிக்கிறன்" என்றார்.

"வாவித் தண்ணியையா? உப்பல்லவா?"

"கனவில உப்புக் கரிக்கல்ல, மிஸ்ஸி."

தீர்த்தம்

பூமணி கோயில் தீர்த்தம் கொண்டுவந்தாள். சிறிய போத்தல், மடியில் மறைத்து, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி. போத்தலின் வாய் அவர் உதட்டைத் தொடும் நேரத்தில் பிடித்துவிட்டேன். "தீர்த்தத்தத் தடுக்கிறியே, நீயும் ஒரு பொம்புளையா கா?" என்று வார்ட்டே கேட்கக் கத்தினாள். எனக்குக் கிரான் பெண்ணின் முகம் வந்தது. போத்தலைப் பிடுங்கி, ஸ்டவ்வில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வயிற்றுக் குழாயால் மெதுவாக ஊற்றினேன்.

கையைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். "எந்த வாசலால போனா என்ன, சாமி உள்ளுக்குப் போனாச் சரி."

ஒரு கரண்டி

நாலாவது வாரம், கசிவு பார்க்கும் மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு எண்ணெய் வர இரண்டு நாள் பொறுத்தோம். படத்தில் மருந்து ஒரு வெள்ளை நூலாக நேரே இறங்கியது, எங்கும் கசியவில்லை. டொக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு கரண்டி தண்ணீரை நானே கொண்டுபோனேன். வாயில் வாங்கியவர் விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பயம். பூமணி அவர் கழுத்தையே பார்த்தாள். ஆறு உருண்டையும் அவள் கண்ணில் தெரிந்தது. "முழுங்குங்க," என்றாள், காதில் விழுந்தும் விழாமலும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் மட்டும் எதையோ இழந்தவர் போல ஜன்னலைப் பார்த்தார்.

"கனவில குடிச்சதுதான் ருசி, மிஸ்ஸி."

தழும்பு சுருங்கி வழி ஒடுங்கிவிட்டதால், உணவுக்குழாயை விரித்துவிட மாதாமாதம் வாவியைக் கடந்து வந்தார். வரும்போதெல்லாம் வார்ட்டுக்குள் நுழைந்து, என்னிடமே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

இத்தனை வருட வேலையில் ஒரு மனிதருக்கு நான் செய்த பெரிய உபகாரம், அவர் கெஞ்சிக் கேட்டதை இருபத்தெட்டு நாள் கொடுக்காமல் இருந்ததுதான்.