தொரையைத் தேடிய ஞாயிறு

கத்திரி முடிந்த பிறகும் செஞ்சியில் வெயில் முடிவதில்லை. சுற்றிலும் பாறை. பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தக் குன்றுகள் சாயங்காலம் ஊருக்குள் திருப்பிக் கொட்டும். அந்தச் சூட்டில்தான் நாங்கள் பூப்பந்து ஆடினோம். மேல்காற்று கிளம்பிவிட்டால் மஞ்சள் கம்பளிப் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் ஆனிக் காற்று வலுப்பதற்குள் அந்த வருஷத்து ஆட்டத்தையெல்லாம் ஆடித் தீர்த்துவிட வேண்டும். பேசித் தீர்ப்பதற்கு மட்டும் கெடு கிடையாது. ஐப்பசி மழையிலும் டீக்கடையில் உட்கார்ந்து, போன கோடையில் யார் எந்தப் பந்தை விட்டான் என்று அடித்துக்கொள்வார்கள்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குளத்திலிருந்து தண்ணீர் தூக்கிவந்து தெளித்து, புழுதியை அடக்கி, சுண்ணாம்புக் கோடு போடுகிறவனுக்கு முதல் ஆட்டத்தில் இடம் உண்டு. சொந்தமாக பேட் இல்லாவிட்டாலும் உண்டு. நான் அப்படி உள்ளே வந்தவன். நெட்டும் பந்தும் கேப்டனுடையவை. அவன் பஜாரில் நெல் மண்டி வைத்திருப்பவர் மகன். அவன் தள்ளிவிட்ட பழைய பேட்டில், அறுந்த நரம்பை முடிச்சுப் போட்டு நான் ஆடினேன். பின்வரிசையில் இடது மூலை என் இடம். அங்கே வந்த பந்து தரையைத் தொடுவது அபூர்வம். இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான். ஆனால் என்னிடம் இருந்த ஒரே திறமை அது.

அந்தக் கோடையில் டீக்கடைப் பேச்செல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியது. கோயமுத்தூர்ப் பக்கத்து மில் ஒன்று தன் டீமுக்கு ஆள் தேடுகிறது. எங்கள் ஊர் டோர்னமெண்ட் ஃபைனலுக்கு அந்த மில்லிலிருந்து ஒருவர் வருகிறார். பிடித்துப்போனால் வேலையோடு கூட்டிப்போய்விடுவார்.

"பேக்குல நிக்கிறவன்தான் வோணுமாம்," என்றான் கேப்டன். "முன்னால நின்னு தட்றவன் ஊருக்கு ஊரு கெடக்கறான்."

"அப்ப இவன் போய்டுவான்," என்று என்னைக் காட்டினார், எங்கள் டீமில் நடுவில் ஆடும் தையல்காரர். "நமக்குத் தண்ணி தெளிக்க ஆளு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும்.

எங்கள் வீட்டில் பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, ஒரு சின்ன அரசு ஆபீசில் டெம்பரவரி கிளார்க்காக இருந்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்டென்ஷன் ஆர்டர் வரும். வரும்வரை தபால்காரர் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆர்டருக்கு எழுதிப்போட வேண்டியவர் எங்கள் ஆபீசர். அவரிடம் ஒரு நாய் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் ஆபீசர் குடும்பம் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறும். அங்கே ஆபீசர் மனைவியின் தாய்வீடு. திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவார்கள். "நீ நம்ம வீட்டு ஆளு மாதிரி. வேற யார நம்பி விடறது, சொல்லு?" என்று ஆபீசர் முதல் தடவை கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை என் மேஜைமேல் சங்கிலியை வைத்துவிட்டுப் போவார்.

சடை சடையாக முடி வளர்ந்த வெள்ளை நாய். அதற்கு வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் சரியாக வராது. வீட்டில் தனியாக விட்டால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் என்பதால் எங்கே போனாலும் கூடவே இழுத்துப்போக வேண்டும். காலையில் பாலில் நனைத்த ரொட்டி. எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்கு. மத்தியானம் எலும்பு வேகவைத்த தண்ணீரில் பிசைந்த சோறு. கறிக்கடையில் எலும்புக்காக நின்றால் கடைக்காரர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "கிளார்க் சார், உங்களுக்கா, அதுக்கா?" என்பார்.

நைனா ஆடு மேய்ப்பவர். நாய்க்கு அவர்தான் தொரை என்று பெயர் வைத்தார். நான் சோற்றுக்கு வீட்டுப்பக்கம் வந்தால், ஆட்டுப்பட்டியிலிருந்து தலை நிமிராமல் கேட்பார்: "இன்னா, தொர சாப்டாரா?"

"சாப்டுச்சி, நைனா."

"ஆடு மேய்க்கக் கூடாதுன்னுதான் உன்னப் படிக்க வெச்சேன். ஆடுன்னா பால் குடுக்கும், குட்டி போடும். இது இன்னாடா குடுக்கும்?"

எக்ஸ்டென்ஷன் கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை.

சனி ஞாயிறுகளில்தான் முழு ஆட்டம். தொரை வந்த பிறகு என்னால் தண்ணீர் தெளிக்க நேரத்துக்குப் போக முடியவில்லை. வேறு யாரோ தெளித்தார்கள். வேறு யாரோ முதல் ஆட்டம் ஆடினார்கள். நான் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பேன். "பேட்ட அது கையில குடுடா. உன்னவிட நல்லா ஓடும்," என்பான் கேப்டன். ஆனாலும் ஃபைனலுக்கு அவன் என்னை ஒதுக்கவில்லை. இடது மூலைக்கு வேறு ஆள் இல்லை. "வந்து சேருடா, நாயோடயாவது வா," என்று மட்டும் சொன்னான்.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமையே ஆபீசரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மேட்ச்சா? அதுக்கென்னப்பா, அதையும் கூட்டிட்டுப் போ. அதுக்கும் காத்தாட இருக்கும்," என்றார்.

கூட்டிப்போனேன். மைதானத்து ஓரப் புளியமரத்தில் கட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மில்காரர் வெள்ளைச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காற்று நின்றிருந்தது. அப்படி ஒரு சாயங்காலம் வருஷத்தில் எப்போதாவதுதான் அமையும். எதிர் டீம் திண்டிவனத்துக்காரர்கள். பந்தைத் திருகித் திருகி என் மூலைக்கே போட்டார்கள். எடுத்தேன். தரையோடு தரையாக வந்ததையும் எடுத்தேன். ஒரு தடவை மில்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னைக் காட்டி ஏதோ கேட்டதைப் பார்த்தேன். அதுவரை என் ஆயுளில் ஒருவரும் என்னைப் பற்றி அப்படி விசாரித்ததில்லை.

முதல் கேம் எங்களுக்கு. பஜார் பையன்கள் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். புகை அடங்கியபோது புளியமரத்தடியில் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் கிடந்தன. நாய் இல்லை.

"மேக்கால ஓடுச்சிபா!" என்றார் யாரோ.

"டேய், எங்கடா போற? அடுத்த கேமு ஆரம்பிக்கப் போவுது!" கேப்டன் என் கையைப் பிடித்தான். "நாயி எங்கடா போய்டும்? வவுறு காஞ்சா தானா வரும்."

"இதோ வந்துட்றேன், மச்சான்."

பேட்டை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அந்த நேரத்தில் நான் எதையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. ஆடு பிரிந்தால் பின்னால் ஓடியே பழகிய கால் எங்கள் குடும்பத்துக் கால். மேற்கே ஓடியது என்றதும் எனக்கு வேறு இடமே தோன்றவில்லை. செஞ்சியில் எது காணாமல் போனாலும் கோட்டையில்தான் தேடுவோம். ஆடு போனாலும் அங்கே, மாடு போனாலும் அங்கே, பரீட்சையில் தவறிய பிள்ளை போனாலும் அங்கே. மிரண்ட ஆடு மேட்டைப் பார்த்துத்தான் ஏறும். பாறை இடுக்கில் போய் நின்றுகொண்டு கத்தும். நான் நடக்கக் கற்றதிலிருந்து அறிந்த பாடம் அது.

திருவண்ணாமலை ரோட்டோடு ஓடினேன். ஆபீசர் வீடும் அந்த ரோட்டில்தான். அந்த வீட்டு கேட்டைத் தாண்டித்தான் ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோட்டை மதிலுக்குள் போய், இடிந்த மண்டபம், குளத்தங்கரை, கள்ளிப் புதர் என்று அலைந்தேன். வாயில் வராத அந்த இங்கிலீஷ் பெயரை உரக்கக் கத்தினேன். மேலே பாறையில் குரங்குகள் உட்கார்ந்து பார்த்தன. ராஜகிரிக் குன்று ஏறும் படிக்கட்டில் பாதிவரை போனேன். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியும். மைதானம் இருக்கும் திசையில் மங்கலாகப் புழுதி தெரிந்தது. பந்து தெரியவில்லை. நாயைப் பற்றி ஆபீசரிடம் என்ன சொல்வது என்பதை விட்டுவிட்டு, இடது மூலையில் இப்போது யார் நிற்பான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் குறைந்ததும் இறங்கினேன். வேறு போக்கிடம் இல்லாமல் ஆபீசர் வீட்டுக்குப் போனேன். தொரை பின்வாசல் படியில் படுத்திருந்தது. கேட்டுக்கு அடியில் இருந்த சந்தில் புகுந்து வந்திருக்கிறது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. படியெல்லாம் வெள்ளை முடி உதிர்ந்து கிடந்தது. வெகுநேரமாக அங்கேதான் கிடந்திருக்கிறது. வீட்டு நாய் பயந்தால் வீட்டுக்குத்தான் போகும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்களிடம் ஆடுதானே இருந்தது.

மைதானத்துக்குத் திரும்பியபோது நெட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். டீக்கடையில் கேப்டன் என்னைப் பார்க்கவே இல்லை. தையல்காரர்தான் சொன்னார். மூலையில் நிற்க பஸ் கிளீனர் ஒருவனை இறக்கினார்களாம். அடுத்த இரண்டு கேமும் போய்விட்டன.

"மில்லுக்காரர்?"

"கேட்டாருபா. மொத கேமுல லெஃப்ட்ல ஆடின தம்பி எங்கன்னு கேட்டாரு. நாயி புடிக்கப் போயிருக்கான்னு சொன்னோம். அவரு சிரிச்சாரு. கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு விழுப்புரம் பஸ்சுக்குப் போய்ட்டாரு."

"பேரு ஏதாச்சும் கேட்டாரா?"

"இல்லபா."

திங்கட்கிழமை ஆபீசர் நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் இளைச்சிருக்கே," என்றார்.

ஆடி பிறந்ததும் அவருக்கு மெட்ராசுக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் என் எக்ஸ்டென்ஷனுக்கு எழுதவில்லை. அவருக்கு வேறு ஆள் இருந்தான். சாமான் லாரி கிளம்புகிற அன்று உதவிக்குப் போயிருந்தேன். மெட்ராசில் மாடி வீடாம், நாய்க்கு இடம் கிடையாதாம். ஆபீசர் சங்கிலியை என் கையில் வைத்தார். "நீயே வெச்சிக்கப்பா. உன்கிட்டதான் நல்லாப் பழகியிருக்கு." நான் "சரிங்க சார்," என்றேன். நான்கு மாத ரொட்டிப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் அவர் கொடுத்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கூழை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆடுகளைக் கண்டு பயந்து கூரைக்கு அடியில் ஒளிந்தது. நைனா அதன் பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். கேலி செய்யாமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது நானும் காலையில் ஆட்டோடு போகிறேன்.

சாயங்காலமானால் தொரை காணாமல் போய்விடும். நான் பதறுவதில்லை. பட்டியை அடைத்துவிட்டு நேராகத் திருவண்ணாமலை ரோட்டுக்குப் போவேன். அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. பூட்டிய கேட்டுக்கு உள்ளே, அதே படியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டால் உடனே வராது. நானும் கேட்டுக்கு வெளியே குந்திக்கொள்வேன். காற்று கொஞ்சம் ஓய்ந்த நாட்களில் மைதானத்திலிருந்து பந்து அடிபடும் சத்தம் அங்கேவரை கேட்கும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், இடது மூலைப் பந்து தரையில் விழுகிறது என்று.